ஒலிவ மரம் நினைவுக்கு வந்த நாள்

சங்குமேட்டு உப்பளத்துக் கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரித்து, மோட்டார் போட்டால் காற்றும் சேறும் மட்டுமே வந்துகொண்டிருந்த ஒரு மாசி மாதக் காலையில், தலையில் சும்மாடும் கையில் தூக்குவாளியுமாக வேலைக்கு வந்த பெண்கள், நாலாம் நம்பர் பாத்தியின் வரப்பில் ஒரு பெரிய ஆள் நனைந்த உடம்போடு குத்தவைத்திருப்பதைப் பார்த்தார்கள். உட்கார்ந்த நிலையிலேயே அவர், அந்தப் பெண்களில் ஒருத்தியான செல்வக்கனியின் தலை உயரம் இருந்தார். தாடியில் பாசி படர்ந்திருந்தது. பக்கத்தில் மூன்று முள் வைத்த ஈட்டி ஒன்று மண்ணில் குத்தி நின்றது. வெயில் ஏற ஏற மற்றவர்கள் உடம்பெல்லாம் வறண்டுகொண்டு வர, அவர் உடம்பிலிருந்து மட்டும் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. வடிந்து காய்ந்த இடமெல்லாம் உப்புப் பூத்தது.

கங்காணி தவசி முன்னால் போய்க் கேட்டார்.

"யாருவே நீரு?"

"கடல் எனக்கு உரியது" என்றார் அவர்.

"சரி, அதுக்கு இங்க என்ன சோலி?"

"என்னை மதிக்கிற ஊர் ஒன்றைத் தேடி வந்தேன்."

அவருடைய தமிழ் கல்வெட்டுப் போல இருந்தது. கொற்கையில் முத்து வாங்க வந்த யவன மாலுமிகள் கரையில் கேட்டுக் கேட்டுப் பழகி, கப்பலில் போகும்போது அலையோடு பேசிய தமிழ் அது. அதற்குப் பிறகு அவர் காதில் விழுந்த தமிழெல்லாம் தண்ணீருக்குள் மூழ்குகிறவர்கள் கத்திய தமிழ்தான் என்பதால், அதில் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கவில்லை.

அவர் தன் வழக்கைச் சொன்னார். அவருடைய நாட்டில் பாறைமேல் ஒரு நகரம் இருந்தது. அந்த நகரம் யாருக்கு என்று அவருக்கும் அவருடைய தம்பி மகளுக்கும் போட்டி. ஊருக்கு நல்ல பரிசு கொடுக்கிறவருக்கே ஊர் என்று முடிவானது. அவர் ஈட்டியால் பாறையை அடித்தார், உப்புநீர் பொங்கியது. தம்பி மகள் ஒரு ஒலிவ மரத்தை நட்டாள். ஊரார் மரத்தின் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். உப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நடந்து மூவாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். சிரித்தவர்களை அவர் ஒவ்வொருவராக விரல்விட்டுச் சொன்னார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிணற்றில் உப்புநீர் ஊறல் வற்றி வேலை போய்விடுமே என்று பத்து நாளாகத் தூங்காதவர்கள் அவர்கள்.

"அது என்ன ஊரு, கிறுக்குப்பய ஊரு" என்றாள் ஒருத்தி. "உப்புத் தண்ணிய யாராச்சும் வேண்டாம்பாவளா?"

அந்த ஒரு வார்த்தைக்கு அவர் முகம் போன போக்கைச் செல்வக்கனி பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் யாருமே கைதட்டாத பிள்ளைக்கு யாரோ ஒருவர் தட்டிவிட்டது போல அப்படி விரிந்தது. அவர் எழுந்தார், ஈட்டியைப் பிடுங்கித் தரையில் ஒரு குத்துக் குத்தினார், பாத்தியின் அடிவயிற்றிலிருந்து ஊறல் கொப்பளித்துக்கொண்டு வந்தது. தவசி விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "எம்மா, உப்பு என்னா கனம்" என்று மட்டும் சொன்னார். மறுவாரம் சங்குமேட்டில் எல்லாப் பாத்தியிலும் உப்பு இறங்கியது. அப்படி ஒரு வெள்ளையை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

அவர் அங்கேயே இருந்துவிட்டார். கோயில் பூசாரி வந்து பார்த்து, காவல் தெய்வமாக ஒரு ஓரத்தில் இடம் கொடுக்கலாம், ஆனால் ஏற்கெனவே இருக்கிறவர்களோடு ஒத்துப்போகிற குணம் இவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சர்ச் ஃபாதர், தான் தூரத்திலிருந்தே ஆசி கொடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தார். ஊர்க்காரர்கள் அவரை யவனத்து அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். உப்புக் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்துகொண்டு, உப்பு வார வாரு பலகை இழுக்கிற ஆண்களிடமும் கூடை சுமக்கிற பெண்களிடமும் தன் குடும்பக் கதையைச் சொல்வார். யாருக்கும் அது அந்நியமாகத் தோன்றவில்லை. அப்பன் சொத்தை மூன்று சகோதரர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரித்துக்கொண்டது, கடைசித் தம்பிக்கு வானம் போனது, அண்ணனுக்குப் பூமிக்கு அடியில் செத்தவர்கள் குடியிருக்கும் நாடு போனது, நடுவில் நின்ற இவருக்குத் தண்ணீர் வாய்த்தது, சீட்டில் ஏதோ சூது நடந்தது என்று இவர் இன்றுவரை நம்புவது, அன்றையிலிருந்து அண்ணன் வாசலை மிதிக்காதது என்று எல்லாம் அவர்கள் தத்தம் வீடுகளிலேயே பார்த்திருந்த சங்கதிதான். தம்பி போகிற வீட்டிலெல்லாம் பெண்களைக் கெடுத்துவிட்டு வருகிறவன் என்றும், தம்பி பெண்டாட்டி அந்தக் கோபத்தைப் புருஷனிடம் காட்டாமல் அந்தப் பெண்களிடம் காட்டுகிறவள் என்றும், தம்பி மகன் ஒருவன் கால் ஊனம் என்பதற்காகப் பெற்றவளே தூக்கி எறிந்த பிள்ளை, ஆனால் அந்தக் குடும்பத்திலேயே உழைக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்றும் அவர் சொல்லச் சொல்ல, பெண்கள் "இங்கயும் அதே கததான் அண்ணாச்சி" என்பார்கள். தன்னைப் பற்றி அவர் சொல்லும்போது மட்டும், யார் யார் தன்னை எங்கெங்கே அவமதித்தார்கள் என்பதே கதையாக இருக்கும். நாள், இடம், வார்த்தை, எதுவும் பிசகாது.

அவருக்குச் சோறு போட்டது செல்வக்கனி. உப்பளத்தை ஒட்டின கடைசி வீடு அவளுடையது என்பதால் அது தானாக அவள் பங்குக்கு வந்தது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எண்ணெய் பட்ட எதையும் அவர் தொடமாட்டார். எண்ணெய் என்றால் அந்த மரத்தின் ஞாபகம் வந்துவிடும். அவள் கம்பங்கூழும், சுட்ட கருவாடும், தாளிக்காத துவையலும் கொண்டுபோவாள். அவர் சாப்பிடுவதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். அவளிடம் ஒரு கேள்வி இருந்தது.

அவள் புருஷன் பொன்னுலிங்கம் தோணியில் சமையல்காரர். உப்பின் வெள்ளையை இருபது வருஷம் பார்த்துப் பார்த்துக் கண் மங்க ஆரம்பித்ததால் உப்பளத்தை விட்டுவிட்டுத் தோணிக்குப் போனவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மாதம், 'ஞானசௌந்தரி' என்ற அந்தத் தோணி வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற வழியில் ஏழு பேரோடு காணாமல் போனது. பின்னால் வந்த இன்னொரு தோணிக்காரர்கள் பார்த்திருந்தார்கள்: வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, காற்று இல்லை, வடக்கேயிருந்து சுவர் மாதிரி ஒரே ஒரு அலை வந்தது, அது போன பிறகு அங்கே தோணி இல்லை. உடம்பு எதுவும் கரை சேரவில்லை. உடம்பு வராததால் காரியம் செய்யவில்லை, காரியம் செய்யாததால் தாலியும் இறங்கவில்லை. கல்யாண வீட்டில் குங்குமச் சிமிழோடு வருகிற பெண்கள் அவள் முன்னால் வந்ததும், நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் மூடியை அரைகுறையாக மூடிக்கொண்டு நிற்பார்கள். "எனக்கு நெத்தி அரிக்கும், நீ அடுத்தாளுக்குக் குடு" என்று அவளே சொல்லி அவர்களைக் காப்பாற்றிவிடுவாள். அவளுக்கு இப்போது நாற்பத்து நாலு வயது.

கடலுக்கு உரியவர் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருந்தார். கேட்டால் சொல்லிவிடுவார். மாசியில் கேட்கவில்லை. சித்திரையில் கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் பொன்னுலிங்கம் ஏதோ ஒரு தீவில், மொழி தெரியாத யாருக்கோ சோறு வடித்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் நடுநிலைப் பள்ளியில் லூர்து டீச்சர் இருந்தாள். யவனத்து அண்ணாச்சியின் பெயர் பொசைடன் என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னது அவள்தான். அவரைப் பற்றியும் அவர் குடும்பத்தைப் பற்றியும் இந்தக் காலத்து எழுத்தாளர்கள் புதுசு புதுசாகக் கதை எழுதுகிறார்கள் என்று அவள் சொன்னதும், கொண்டுவந்து வாசிக்கும்படி அவர் பிடிவாதம் பிடித்தார். அவள் தூத்துக்குடிக்குப் போய்ப் புத்தகங்கள் எடுத்துவந்து, மதியச் சாப்பாட்டு வேளையில் கொட்டகையில் உட்கார்ந்து தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தாள். ஒரு புத்தகத்தில் அவர் மகா கோபக்காரர், பழி மறக்காதவர் என்றிருந்தது, திருப்தியோடு தலையாட்டினார். இன்னொன்றில் அவரைக் கரையோரம் கடை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் புத்தி சொல்லும் தமாஷான பெரியப்பாவாக ஆக்கியிருந்தார்கள். அவர் முகம் கறுத்தது, அன்றைக்குக் கிணறுகளில் ஊறல் ஒரு சாண் இறங்கியது. மூன்றாவது, ஒரு பெண் தன் வாயால் சொல்வதாக எழுதிய புத்தகம். கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்திருந்த தன்னை அவர் என்ன செய்தார் என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டு வந்த இடத்தில் டீச்சர் குரல் தாழ்ந்து, இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டாள். பெண்களுக்குப் புரிந்துவிட்டது. அவர் ஈட்டியின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு யாரும் அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கவில்லை.

அதற்கடுத்தது ஒரு ராஜாவின் கதை. அவருடைய ஒற்றைக்கண் மகனை அந்த ராஜா குருடாக்கிவிட்டான். அதற்காகப் பத்து வருஷம் அவனை ஊர் திரும்பவிடாமல் கடலில் அலைக்கழித்து, கப்பல் கப்பலாக உடைத்தார். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். செல்வக்கனி கூழ்ப்பானையைத் துடைத்துக்கொண்டே டீச்சரைப் பார்த்தாள்.

"அந்த ராசா என்ன ஆனாவ, டீச்சர்?"

"வீடு போயி சேந்துட்டார் அக்கா. பொண்டாட்டிகிட்ட."

"கூடப் போனவிய?"

"அவுங்க எல்லாரும் செத்துட்டாங்க."

"அவிய பேரெல்லாம் அதுல போட்டிருக்கா?"

டீச்சர் முன்னும் பின்னுமாகப் பக்கங்களைத் தள்ளிப் பார்த்தாள். மற்றப் புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தாள்.

"ரெண்டு மூணு பேருக்குப் பேர் இருக்கு அக்கா. மத்தவங்களுக்கு மாலுமிகள்னு மட்டும்தான் இருக்கு."

செல்வக்கனி பானையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அதற்கு மறுநாள், ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவர் முன்னால் கூழை வைத்துவிட்டு அவள் கேட்டுவிட்டாள்.

"அண்ணாச்சி, ஞானசௌந்தரின்னு ஒரு தோணி. ஆறு வருசத்துக்கு முன்ன, பங்குனியில. ஏழு பேரு இருந்தாவ."

"எத்தனையோ மரக்கலங்கள்" என்றார் அவர், கருவாட்டைப் பிய்த்துக்கொண்டே.

"வெங்காயமும் செங்கலும் ஏத்திட்டுப் போச்சி."

அவர் யோசித்தார். "வானம் தெளிந்திருந்த நாளா?"

"ஆமா."

"அலை வடக்கிலிருந்து வந்ததா? ஒரே அலை?"

"ஆமா" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. தொலைத்த பொருளைத் துணிமடிப்பில் கண்டெடுத்தவர் போலச் சொன்னார்: "நினைவு வந்துவிட்டது. அன்று காலையில் எனக்கு அந்த ஒலிவ மரம் நினைவுக்கு வந்தது."

"அதுக்கு?"

"சினம் வந்தது. புரண்டு படுத்தேன்."

"தோணி?"

"தோணியை நான் பார்க்கவில்லையே" என்றார் அவர். பிறகு கிண்ணத்தை நீட்டி, "இன்னும் கூழ் இருக்கிறதா?" என்று கேட்டார்.

செல்வக்கனி பானையை மூடினாள். கிண்ணத்தை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். வீட்டுக்கு நடந்து வந்து, அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் அவள் சோறு கொண்டுபோகவில்லை. மற்றவர்கள் கொண்டுபோனதை அவர் தொடவில்லை. மூன்று நாளில் கிணறுகளில் ஊறல் அடிமண்ணுக்கு இறங்கியது. நாலாம் நாள் பட்டப்பகலில், ஒரு காற்றும் இல்லாமல், கடல் கரையைத் தாண்டி உள்ளே வந்து, கூரைபோல் குவித்து ஓலை போட்டு மூடிவைத்திருந்த பதினோரு உப்பு அம்பாரங்களையும் கரைத்துக்கொண்டு திரும்பிப் போனது. ஒரு பருவத்து உழைப்பு கால் மணி நேரத்தில் தண்ணீராகப் போனதை எல்லோரும் வரப்பில் நின்று பார்த்தார்கள். அன்று சாயங்காலமே செல்வக்கனி வீட்டு முற்றத்தில் ஊர் கூடியது.

"மைனி, ஒரு வார்த்த" என்றார் தவசி. "மன்னிச்சிருங்கன்னு ஒரே ஒரு வார்த்த அவருட்ட சொல்லிருங்க."

"நான் என்ன தப்பு செஞ்சேன், தவசி?"

"தப்பு யாருதுன்னு யாரும் பேசல மைனி. எங்க வயிறு பேசுது."

தவசி சொன்னதிலும் பொய் இல்லை. கூட்டத்தில் ஞானசௌந்தரியில் மகனைப் பறிகொடுத்த அன்னத்தாயும் நின்றாள். தோணியை ஓட்டிப்போன தண்டலின் பெண்டாட்டியும் நின்றாள். அவர்களும் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றார்கள்.

செல்வக்கனி விடிந்ததும் வெறுங்கையோடு போனாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"மன்னிப்புக் கேட்க வந்தாயா?"

"இல்ல அண்ணாச்சி. நீங்க பாக்காம விட்டது என்னன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் வரப்பில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். பொன்னுலிங்கத்துக்கு ஒவ்வொரு பயணத்திலும் முதல் மூன்று நாள் வாந்தி வரும் என்றும், வாயில் எலுமிச்சம்பழத்தைக் கவ்விக்கொண்டே ஏழு பேருக்கும் சோறு ஆக்குவார் என்றும் சொன்னாள். கோபம் வந்தால் பேசாமல் வீட்டில் இருக்கிற பாத்திரத்தையெல்லாம், கழுவி வைத்ததையும் சேர்த்து, மறுபடியும் கழுவுவார். பாட்டுப் பாடினால் ராகம் ஒரு பக்கம் போகும், இவர் ஒரு பக்கம் போவார். இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்காமல் போனபோது, இரண்டு தடவையும் அவள் அழுது முடிக்கிறவரைக்கும் அவர் அழவில்லை. அவள் முடித்த பிறகு கொல்லைப்பக்கம் போய் அழுதார். வலது குதிகாலில் வெடிப்பு. ராத்திரி அவள்தான் மெழுகு உருக்கி விடுவாள். அடுத்த தடவை கரையிலேயே புரோட்டா கடை போட்டுவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

"போதும், நிறுத்து" என்றார் அவர்.

அவள் நிறுத்தவில்லை. மறுநாளும் வந்தாள். இரண்டாம் நாள் அன்னத்தாய் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்து, பத்தொன்பது வயதில் போன தன் மகன் அந்தோணி எத்தனை மாதத்தில் நடந்தான், எந்தச் சட்டையை யாருக்கும் தரமாட்டான் என்று சொன்னாள். தண்டலின் பெண்டாட்டி வந்தாள். ஏழு வீட்டுக்காரர்களும் வந்தார்கள். கேள்விப்பட்டு வேம்பாறு பக்கமிருந்தும் மணப்பாடு பக்கமிருந்தும், வேறு தோணிகளில், வள்ளங்களில், சங்கு குளிக்கப் போன இடத்தில், ஆட்களைப் பறிகொடுத்தவர்கள் பஸ் ஏறி வந்து, உப்பளத்து வரப்புகளில் வரிசையாக உட்கார்ந்து, தங்கள் முறை வந்ததும் போய்ச் சொன்னார்கள். அவர் எழுந்து போயிருக்கலாம். கடல் பத்து எட்டில் இருந்தது. ஏனோ அவர் போகவில்லை. தன்னை அவமதித்தவர்களின் பெயர்களை மூவாயிரம் வருஷமாக மறக்காமல் வைத்திருந்த அந்த ஞாபகத்துக்குள் மற்றவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கின, அதுவும் எதையும் வெளியே தள்ளத் தெரியாத ஞாபகமாக இருந்தது. கேட்கக் கேட்க அவர் உருவம் சுருங்கியது. புரட்டாசி பிறந்தபோது அவர் சாதாரணமாக ஒரு உயரமான ஆளின் அளவுக்கு வந்திருந்தார்.

ஒருநாள் அந்தோணியின் சட்டையைப் பற்றி அன்னத்தாய் மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் அழுதார். கண்ணீர் பாத்தியில் விழுந்தது. பக்கத்தில் இருந்த செல்வக்கனி முகத்தில் தெறித்த துளி உதட்டில் பட்டது, அது கரிக்கவில்லை. நல்ல தண்ணீர்.

அதற்குப் பிறகு சங்குமேட்டில் உப்பு இறங்கவில்லை. கிணறுகளெல்லாம் தித்தித்தன. ஆயுசு முழுக்க லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊர் அது. இப்போது எங்கே குத்தினாலும் நல்ல தண்ணீர் வந்தது, செய்வதற்கு வேலை இல்லை. சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. "இப்பிடியே போனா ஊரு என்னத்துக்கு ஆகும்" என்று கத்திக்கொண்டு வந்த தவசி, பாத்தி ஓரத்தில் ஒரு கை அள்ளிக் குடித்தார். பிறகு இன்னொரு கை குடித்தார். பிறகு வீட்டிலிருந்து குடத்தை எடுத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

புரட்டாசி கடைசி வாரத்தில் அவர் செல்வக்கனியைக் கூப்பிட்டார்.

"அவர்களைத் திருப்பித் தர எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். "செத்தவர்கள் என் அண்ணன் வசம் இருக்கிறார்கள். அவன் அதிகம் பேசமாட்டான். வந்தவர்களில் ஒருவரையும் மறக்கமாட்டான். ஒவ்வொருவர் பெயரும் அவனுக்குத் தெரியும்."

"அப்ப அவியட்ட கேளுங்க."

"அவன் வாசலை மிதிப்பதில்லை என்று பாகம் பிரித்த அன்றே சொல்லிவிட்டேன்."

அவர் கால்விரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார்.

"போய் நின்றால் அவன் சிரிக்கமாட்டான். அதுதான் எனக்குத் தாங்காது" என்றார். பிறகு, "உயிரோடு தரமாட்டான், அம்மா. அது அவன் வீட்டு வழக்கம் இல்லை. நான் போய்க் கேட்டால், தீவு எதுவும் இல்லை என்று ஆகிவிடும்" என்றார்.

தீவைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. செல்வக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எதிரே பாத்தியில் நல்ல தண்ணீரில் வானம் கிடந்தது. ஒரு கொக்கு வந்து நின்று பார்த்துவிட்டு, மீன் இல்லை என்று தெரிந்து பறந்து போனது.

"உடம்பா வந்தாலும் போதும்" என்றாள்.

அவர் எழுந்தார். ஈட்டியை எடுக்கவில்லை. கடனுக்குப் பொருள் கேட்கப் போகிற சொந்தக்காரர் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கடலுக்குள் இறங்கிப் போனார். தண்ணீர் அவரை வழக்கம்போல வாங்கிக்கொள்ளவில்லை. மற்ற மனுஷர்களைப் போல முழங்கால், இடுப்பு, கழுத்து என்று நனைந்து மூழ்கினார்.

மூன்றாம் நாள் காலையில் நாலாம் நம்பர் பாத்தியில் ஏழு பேரும் வரிசையாகக் கிடந்தார்கள். யாரும் அழுகியிருக்கவில்லை. உப்பு மெல்லிசாக மேலே பாலாடை போலப் படிந்திருந்தது. அதைக் கையால் தடவிவிட்டால், அடியில் போன அன்றைக்கு இருந்த முகம் அப்படியே இருந்தது. அந்தோணிக்குப் பத்தொன்பது வயதுதான். அவன் தாய்க்குப் பல்லெல்லாம் போயிருந்தது. யவனத்து அண்ணாச்சியைக் காணவில்லை. அண்ணன் அவரைத் தன்னோடு இருத்திக்கொண்டதாகச் சிலர் சொன்னார்கள். ஏழு பேருக்கு ஈடாக அவரே அங்கே நின்றுவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். அந்தக் குணத்துக்கு அப்படியெல்லாம் செய்திருக்கமாட்டார் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

கிணறுகளில் நல்ல தண்ணீர் அன்று சாயங்காலம்வரை இருந்தது. அதில்தான் ஏழு பேரையும் குளிப்பாட்டினார்கள்.

செல்வக்கனி தன் கையாலேயே உப்பைக் கழுவினாள். கழுத்தில், காதுமடலில், விரலிடுக்கில் என்று ஒவ்வொரு இடமாகக் கழுவினாள். பொன்னுலிங்கம் போகும்போது அவருக்கு நாற்பத்தொரு வயது, அவளுக்கு முப்பத்தெட்டு. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரை அவள் 'நீங்க' என்றுதான் சொல்வாள். கோபத்தில்கூட அது மாறியதில்லை. இப்போது குனிந்து பார்த்தாள். நெற்றியில் சுருக்கம் விழுந்திருக்கவில்லை. தலையில் ஒரு முடிகூட நரைக்கவில்லை. மூன்று வயது மூத்தவராகப் புறப்பட்டுப் போனவர் மூன்று வயது இளையவராகத் திரும்பி வந்து, வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு, அவளுடைய தம்பிகளில் ஒருவன் மாதிரி கிடந்தார். வளையலை உடைக்க வந்த பெண்கள் அந்த முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆரம்பிக்க மனசு வராமல் நின்றார்கள். அவளே கையை நீட்டிக் கொடுத்தாள்.

தலைக்கு எண்ணெய் வைத்தாள். வகிடு எடுத்துச் சீவினாள். பாடையில் வைத்துக் கட்டிய பிறகு, எல்லோரும் சற்று விலகி நிற்க, அவன் காதருகே குனிந்தாள்.

"பயப்படாத, ராசா" என்றாள். "இனிமே தண்ணி இல்ல. மண்ணுதான்."

நாலு பேர் தூக்கினார்கள். உப்பு ஊறிய உடம்பு அவர்கள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. முன்னால் நின்றவனுக்குக் கால் தடுமாறியது. தவசி துண்டைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, ஐந்தாவது ஆளாகத் தோள் கொடுத்தார்.